இறக்குமதி மீனும் நம் மலையோடைகளும்

தென்னிந்திய மலைகளுக்கு டிரவுட் மீனைக் கொண்டுவர முதலில் பாடுபட்டவர் கொச்சியில் மருத்துவராக இருந்தவர். பிரான்சிஸ் டே என்ற அந்த ஆங்கிலேயர் சென்னை மாகாண மருத்துவத் துறையைச் சேர்ந்தவர். பிரிட்டிஷ் கொச்சியின் சிவில் சர்ஜனாகப் பணியாற்றினார். கொச்சியின் பழைய வரலாற்றையும் அன்றைய நிலையையும் சொல்லும் அவருடைய நூல் 1863இல் வெளியானது. மலபார் மீன்களைப் பற்றிய நூல் 1865இல் வந்தது. இந்தக் கரையில் வலைகளில் ஏறிய மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்திய அதே காலகட்டத்தில்தான், 1863இலும் 1866இலும், டிரவுட் முட்டைகளை இங்கிலாந்திலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவர அவர் முயன்றார். இரண்டு முறையும் முட்டைகள் பிழைக்கவில்லை. நாட்டு மீனை அவ்வளவு அறிந்த ஒருவர் மலையோடைகளுக்கு வெளிநாட்டு மீன் வேண்டும் என்று விரும்பியது அந்தக் காலத்து அறிவியலுக்கு முரணாகத் தெரியவில்லை. நமக்குத் தெரிய வேண்டும். நீலகிரியிலும் மூணாறிலும் மலைச் சுற்றுலாவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஓடைகளில் மறுபடியும் டிரவுட் குஞ்சுகளை விடலாமே என்ற யோசனையும் கூடவே வருகிறது. விடக்கூடாது என்பது என் முடிவு. ஆனால் டிரவுட் பிடிக்கும் கலையை வெறுப்பவர்கள் சொல்லும் காரணங்களால் நான் இந்த முடிவுக்கு வரவில்லை. அந்தக் கலை உண்மையில் எதை மதிக்கிறது என்று பார்த்தாலே போதும், வழக்கு அதற்குள்ளேயே இருக்கிறது.

ஈத்தூண்டில் என்பது மற்றத் தூண்டில்களிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. நம் குளக்கரையில் தூண்டில் போடுபவர் மண்புழுவையோ மாவுருண்டையையோ முள்ளில் குத்தி, தக்கை கட்டி, அதன் கனத்தால் தங்கூஸ் நரம்பை வீசுகிறார். ஈத்தூண்டிலில் முள்ளுக்குக் கனமே கிடையாது. நூலும் இறகும் சுற்றிய, அரிசி மணியளவு கூட இல்லாத ஒரு பொய்ப்பூச்சி அது. கனம் நரம்பில் இருக்கிறது. தடித்த நரம்பு காற்றில் விரிந்து போக, பூச்சி அதன் பின்னால் போய் நீரில் மெல்ல இறங்குகிறது. மாசிடோனியாவில் ஆற்று மீனைச் செங்கம்பளி நூலும் சேவல் இறகும் சுற்றிய முள்ளால் பிடித்ததை ரோமானியர் காலத்து எழுத்தாளர் ஏலியன் பதிவு செய்திருக்கிறார். ஏறத்தாழ 1800 ஆண்டுப் பழைய செய்தி. தென் இங்கிலாந்தில் டெஸ்ட், இட்சென் போன்ற சுண்ணாம்புப் பாறை ஊற்றோடைகளில் இந்தக் கலை உச்சத்துக்குப் போனது. அங்கே நிலத்தடியிலிருந்து ஆண்டு முழுதும் ஏறத்தாழ 10 டிகிரி வெப்பத்தில் நீர் ஊறுகிறது. கோடையில் கொதிப்பதில்லை, குளிர்காலத்தில் உறைவதில்லை, மழைக்குக் கலங்குவதும் அரிது. தெளிந்த நீரில் பாசி வளர்கிறது, பாசியில் பூச்சிகளின் இளம் பருவங்கள் வளர்கின்றன, குறிப்பிட்ட மாதத்தில் குறிப்பிட்ட வேளையில் அவை கூட்டமாக மேலெழுந்து சிறகு விரிக்கின்றன. பழுப்பு டிரவுட் அந்த வேளையில் அந்த ஒரு பூச்சியை மட்டுமே தின்னும். நிறமோ அளவோ சற்று மாறினாலும் திரும்பிப் போய்விடும். ஆகவே மீன் பிடிக்க வந்தவர் முதலில் பூச்சியைப் படிக்கிறார், பூச்சிக்காக நீரைப் படிக்கிறார். தூண்டில் எழுத்தாளர்களில் ஹால்ஃபோர்டு மிதக்கும் பூச்சியே முறை என்று வாதிட்டதும், ஸ்கூஸ் நீருக்கடியில் இருக்கும் இளம்பூச்சியைக் காட்டினாலும் தவறில்லை என்று மறுத்ததும் இந்தப் படிப்பிலிருந்து எழுந்த விவாதங்களே.

இந்தக் கலைக்கு நம் மலைகளும் ஒன்றைக் கொடுத்தன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுக்குக் கழுத்து இறகுகளின் நுனியில் மெழுகு சொட்டியதுபோன்ற பளபளப்பான வெண்மஞ்சள் புள்ளிகள் உண்டு. பொய்ப்பூச்சியின் பக்கவாட்டில் அந்தப் புள்ளி ஒன்றை வைத்தால் சிறுமீனின் கண்போலத் தோன்றும். சால்மன், டிரவுட் தூண்டில்களுக்காக அந்தத் தோல்கள் பல தலைமுறைகள் பிரிட்டனுக்குக் கப்பலேறின. 1960களின் இறுதியில் இந்தியா இறகு ஏற்றுமதியைத் தடை செய்த பிறகே அந்த வணிகம் நின்றது. நம் காட்டின் இறகு அங்கே போயிற்று, அவர்கள் ஓடையின் முட்டை இங்கே வந்தது. முதலாவதை நாம் எப்போதோ நிறுத்திவிட்டோம். இரண்டாவதைப் பற்றி இன்னும் தீர்மானமாகச் சிந்திக்கவில்லை.

முட்டை வந்த கதை பொறுமைக்கும் பிடிவாதத்துக்கும் நல்ல சான்று. 1864இல் நார்ஃபோக் என்ற கப்பலில் பனிக்கட்டி அறை அமைத்து, மரப்பெட்டிகளில் ஈரப்பாசியின் நடுவே முட்டைகளை அடுக்கி, மூன்று மாதப் பயணத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் கொண்டு சேர்த்தார்கள். அங்கிருந்து 1867இல் நியூசிலாந்துக்குப் போனது. காஷ்மீருக்கு 1899இல் வந்த முதல் தொகுதி அழிந்தது. 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது பிழைத்து, ஹார்வன் பொரிப்பகத்தில் பெருகி, பின்னர் குலுவுக்கும் போனது. இலங்கையில் நுவரெலியாவைச் சுற்றிய ஓடைகளில் 1880களிலேயே பழுப்பு டிரவுட்டை விட்டார்கள். அது தானாக இனம் பெருக்கவில்லை, பின்னால் வந்த வானவில் டிரவுட்தான் ஹோர்ட்டன் சமவெளியில் நிலைத்தது. நீலகிரியிலும் அதேதான். சென்னை அரசின் மீன்வள வல்லுநர் எச். சி. வில்சன் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய இடங்களிலிருந்து முட்டைகள் வரவழைத்தார். நிலைத்தது வானவில் டிரவுட். மூணாறின் தேயிலைத் தோட்டத்தார் ஹை ரேஞ்ச் ஆங்கிலிங் அசோசியேஷன் என்று சங்கம் வைத்து ராஜமலை, இரவிகுளம் பக்கத்து ஓடைகளையும் குளங்களையும் டிரவுட் நீராக்கினார்கள்.

பழுப்பு டிரவுட் ஏன் தோற்றது? குளிர் போதவில்லை என்ற பதிலோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். ஊற்றுநீரின் வெப்பம் ஏறத்தாழ அந்த இடத்தின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பமாகவே இருக்கும். தென் இங்கிலாந்தில் அது 10 டிகிரி. உதகையில் 14, 15 டிகிரி. வளர்ந்த மீனுக்கு 15 டிகிரி சுகமானது. முட்டைக்கு அப்படியில்லை, பழுப்பு டிரவுட் முட்டை 10 டிகிரியை ஒட்டிய நீரிலும் அதற்குக் குறைந்த நீரிலும்தான் நன்றாகப் பொரியும். இங்கிலாந்தில் வரமாக இருந்த ஊற்றின் மாறாத வெப்பம் இங்கே பாதகமாகிறது. இன்னொன்று பகல் பொழுது. டிரவுட் இனத்துக்கு இனப்பெருக்கக் காலத்தை அறிவிப்பது பகலின் நீளம் மாறுவது. தென் இங்கிலாந்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம்; மூணாறின் அட்சரேகையில் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். மூன்றாவது மழை. பழுப்பு டிரவுட் இலையுதிர் காலத்தில் கூழாங்கல்லைத் தோண்டி முட்டையிடும் மீன். அந்த மாதங்களில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. பருவம் வேறு என்றாலும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்ததை நினைத்தால், பெருமழை ஓடையின் அடித்தளத்தை எப்படிப் புரட்டும் என்று ஊகிக்கலாம். வானவில் டிரவுட் வெப்பத்தையும் காலத்தையும் சற்று வளைந்து கொடுத்து ஏற்றுக்கொண்டது. அதுவும் ஆண்டாண்டாகப் பொரிப்பகத்துக் குஞ்சுகளின் துணையோடுதான் பல ஓடைகளில் நீடித்தது. ஆகத் தென்னிந்தியாவில் காட்டுப் பழுப்பு டிரவுட் என்று ஒன்று வேரூன்றவே இல்லை. மனிதக் கை ஓயும்போது மறைந்துவிடும் மீனைக் காட்டு மீன் என்று சொல்ல முடியாது. காட்டு மீனைத் தேடிப் போகும் கலைக்கு அந்த ஓடையில் இலக்கே கிடையாது.

தானாகப் பெருகும் வானவில் டிரவுட் உள்ள ஓடைகள் சில இருக்கின்றன. அங்கே கேள்வி கடினமாகிறது. மீன் வெற்றி பெற்றிருந்தால், அந்த வெற்றிக்கு விலை கொடுத்தது யார்? தோட்டத்தார் காலத்திலிருந்து வழங்கும் பதில், அருவிகளுக்கு மேலே இருந்த ஓடைகளில் சொல்லும்படி மீனே இல்லை, காலியாகக் கிடந்த நீரை நிரப்பினோம், யாருக்கும் நட்டமில்லை என்பது. மீனில்லாத நீர் காலி நீர் அல்ல. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் மீனே இல்லாதிருந்த ஏரிகளில் விளையாட்டுக்காக டிரவுட்டை விட்டார்கள். அங்கே நிறைந்திருந்த மஞ்சள்கால் தவளைகள் ஏரிக்கு ஏரி அற்றுப்போயின. ஆய்வாளர்கள் சில ஏரிகளிலிருந்து டிரவுட்டை முழுவதும் அகற்றிப் பார்த்தபோது தவளைகள் சில ஆண்டுகளில் பெருகின. காரணத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பரிசோதனை சூழலியலில் அபூர்வம். ஜப்பானின் ஹொக்கைடோவில் 2004இல் வெளிவந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. வானவில் டிரவுட் ஓடையில் விழும் காட்டுப் பூச்சிகளைப் பறித்துக்கொள்ள, உள்ளூர் மீன் ஓடையடிப் பூச்சிகளுக்குத் தாவியது. அதனால் நீரிலிருந்து சிறகு முளைத்து வெளியேறும் பூச்சிகள் 35 சதவீதம் குறைந்தன, கரையோரச் சிலந்திகள் 65 சதவீதம் குறைந்தன. ஓடையில் விட்ட மீன் கரையில் வலை பின்னும் சிலந்தியைக் குறைத்துவிடுகிறது. உலகின் மோசமான ஊடுருவு உயிரினங்கள் நூறின் பட்டியலில் பழுப்பு டிரவுட்டும் வானவில் டிரவுட்டும் இரண்டுமே இடம்பெற்றிருப்பது இப்படிப்பட்ட சான்றுகளால்தான்.

இதெல்லாம் வேறு நாட்டுக் கதை, நம் சோலையோடைகளில் நிரூபணம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாத் தவளைக்கும் டிரவுட்டால் ஆபத்து என்றும் சொல்லிவிட முடியாது. ஆனைமுடியைச் சுற்றி மட்டுமே வாழும் செந்நிறப் புதர்த்தவளை நீரில் தலைப்பிரட்டையாக வாழ்வதே இல்லை. முட்டைக்குள்ளேயே முழுத்தவளையாகிவிடும் இனம் அது. அதை டிரவுட் நேராகத் தொடாது. ஆனால் நீலகிரி உயரங்களின் காட்டிக்சாலஸ் மரத்தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவம் ஓடைநீரில்தான். நிக்டிபேட்ராக்கஸ் பேரினத்து இரவுத்தவளைகளும் ஓடையை ஒட்டியே வாழ்பவை. இவை உலகில் வேறெங்கும் இல்லாத உயிர்கள். டிரவுட் வருவதற்கு முன் இந்த ஓடைகளில் என்ன இருந்தது என்ற கணக்கு நம் கையில் இல்லாதபோது, நட்டமில்லை என்று சொல்பவரும் நிரூபணமின்றியே சொல்கிறார். குஞ்சைக் கொண்டுபோய் விடுபவர் மேல்தான் நிரூபிக்கும் பொறுப்பு விழ வேண்டும். விட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாத காரியம் இது.

நிரூபணம் நமக்கு அருகிலேயே வேறு ஒரு மீனின் கதையாகவும் கிடைத்திருக்கிறது. காவிரியின் திமிலுள்ள மகாசீர், 50 கிலோவையும் எட்டக்கூடிய பேருருவம், நூறாண்டுகளுக்கும் மேலாகத் தூண்டில்காரர்களின் கனவு. 1970களிலிருந்து லோனாவ்லாவில் டாட்டா மின் நிறுவனத்தின் பொரிப்பகத்தில் நீலத்துடுப்பு மகாசீர் செயற்கையாகப் பெருக்கப்பட்டது. காவிரியில் மகாசீர் குறைகிறதே என்ற அக்கறையில், அந்தக் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். நோக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. காவிரிக்கரையின் கலிபோரில் பிடித்த மீனை அளந்து உயிரோடு திருப்பி விடும் முகாமின் 1998 முதல் 2012 வரையிலான குறிப்பேடுகளை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, நீலத்துடுப்பு பெருகிக்கொண்டே போனதும் திமிலுள்ளது அருகிக்கொண்டே போனதும் ஆண்டு வாரியாகத் தெரிந்தது. இதில் மனதை உறுத்தும் பகுதி ஒன்று உண்டு. அழிந்துகொண்டிருந்த அந்தப் பேருருவத்துக்கு அதுவரை உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. கொச்சியைச் சேர்ந்த மீனியல் ஆய்வாளர்கள் சின்னாறு பக்கத்துப் பாம்பாற்றிலிருந்து விவரித்திருந்த டோர் ரெமாதேவியே அது என்று 2018இல்தான் தெளிவானது. அதே ஆண்டு அது மிக அபாய நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பாம்பாறு எங்கே தொடங்குகிறது? இரவிகுளத்தின் கிழக்குச் சரிவு நீர் அதில்தான் சேர்கிறது. தோட்டத்தார் டிரவுட் விட்ட மேட்டுக்குக் கீழே, அதே நீர்வழியில், உலகின் மிகப்பெரிய மகாசீர்களில் ஒன்று பெயரில்லாமல் வாழ்ந்திருக்கிறது.

டிரவுட் பக்கத்தில் மிக வலுவான வாதம், தூண்டில்காரர்கள் இல்லாவிட்டால் இந்த மலைகளே மிஞ்சியிருக்காது என்பது. இதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். நீலகிரியில் 1877இல் வேட்டைக்காரர்களும் மீன் பிடிப்போரும் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். அடுத்த இரண்டாண்டில் விலங்குகளையும் மீன்களையும் காக்கும் நீலகிரிச் சட்டம் வந்தது. மூணாறில் தோட்டத்தாரின் சங்கம் இரவிகுளத்தை வேட்டைக் காடாக வைத்து, முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு அமர்த்தியது. 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் நிலங்களை மீட்டபோது அந்த 97 சதுர கிலோமீட்டர் புல்வெளி தேயிலையாகாமல் இருந்தது. 1975இல் சரணாலயமும் 1978இல் தேசியப் பூங்காவும் ஆக முடிந்தது. உலகில் மிஞ்சியிருக்கும் வரையாடுகளின் மிகப்பெரிய கூட்டம் இன்று அங்கேதான். அந்தச் சங்கங்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அவர்கள் காப்பாற்றியது புல்வெளியையும் சோலையையும் வரையாட்டையும். டிரவுட் அவர்களை அங்கே வரவழைத்த ஆசை. இன்று அந்த நிலத்தைச் சட்டமும் வனத்துறையும் காக்கின்றன. தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலுக்கு இடமில்லை. பழைய ஆசையின் பயனுக்கு நன்றி சொல்லலாம், அந்த ஆசையைப் புதுப்பிக்கத் தேவையில்லை.

நூறாண்டுகள் இருந்துவிட்ட மீன் இனி நம் மீன்தானே என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. கொச்சிக் காயலோரத்தில் இருப்பவர்களுக்கு இதன் பதில் கண்முன்னே இருக்கிறது. 1952இல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியா காயலில் பல பத்தாண்டுகளாக வாழ்கிறது. கறிக்குச் சமைக்கிறோம், சந்தையில் விற்கிறோம், அதனால் அது கரிமீனுக்குப் போட்டியாக இருப்பது நின்றுவிடவில்லை. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பிய அரபைமாவும் முதலைக் கார் மீனும் கேரள ஆறுகளில் பிடிபட்டபோது, ஒரே மழையில் வேலி எப்படி மறைகிறது என்றும் பார்த்தோம். காலம் ஓர் இனத்தைப் பழக்கப்படுத்தும். அது செய்யும் வேலையை மாற்றாது. அதற்காக மலையோடைகளில் மருந்து ஊற்றி டிரவுட்டைக் கொல்ல வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அந்த மருந்து செவுளால் மூச்சுவிடும் எதையும் விட்டுவைக்காது. நாம் காக்க நினைக்கும் தலைப்பிரட்டையையும் ஓடைப்பூச்சியையும் சேர்த்தே கொண்டுபோகும். குஞ்சு விடுவதை நிறுத்தினால் பெரும்பாலான ஓடைகளில் டிரவுட் தானே குறையும். குந்தா நீர்மின் திட்டத்து அணைகளிலும் அவலாஞ்சிப் பொரிப்பகத்திலும் இருப்பது இருக்கட்டும். வளர்ப்புத் தொட்டியில் உணவுக்காக வளர்ப்பது வேறு விவகாரம். நீர் திரும்ப ஓடையில் சேராதவரை அதில் எனக்கு மறுப்பில்லை.

ஈத்தூண்டிலுக்கு டிரவுட் தேவையும் இல்லை. வேகநீரில் மேலே வரும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் சிறு ஓடைமீன்கள் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் பல உண்டு; மகாசீரும் பொய்ப்பூச்சியை எடுக்கும். பூங்காக்களுக்கு வெளியே, அனுமதி உள்ள நீரில், முள்ளின் கொக்கியை நசுக்கி, பிடித்ததை ஈரக்கையால் திருப்பி விடும் தூண்டில்காரர் ஒருவர் ஓடைக்குத் தரக்கூடிய மிகப்பெரிய உதவி குறிப்பேடுதான் என்று கலிபோர் காட்டியிருக்கிறது. எந்த நாளில் எந்தப் பூச்சி எழுந்தது, நீர் எத்தனை டிகிரி, எந்த மீன், எவ்வளவு நீளம் என்று பதினைந்து ஆண்டுகள் யாரும் சம்பளம் கொடுத்து எழுத வைக்க முடியாத தகவல் அது.

குளிர்ந்த நீரே குறைந்துவருவதால் இது அவசரமாகவும் இருக்கிறது. சோலைக்காடு மழையை உறிஞ்சி ஆண்டு முழுதும் கசியவிடுகிறது. அதன் இடத்திலும் புல்வெளியிலும் பரவிய வாட்டில் மரமும் யூகலிப்டஸும் நீரை இழுத்துக் கோடை ஓட்டத்தைக் குறைக்கின்றன. இரவிகுளத்தின் மேற்குச் சரிவு நீர் பெரியாற்றில் சேர்கிறது. கொச்சி மாநகரின் குடிநீரில் பெரும்பங்கு ஆலுவாவில் பெரியாற்றிலிருந்து எடுப்பதுதான். 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஊடுருவு அந்நிய இனங்களைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துமுன் ஒரு கணக்கு எடுக்க வேண்டும். டிரவுட் உள்ள சில ஓடைகளையும், அருவி தடுப்பதால் டிரவுட் ஏறாத சில ஓடைகளையும் தேர்ந்து, ஒரே பருவத்தில் தலைப்பிரட்டைகளையும் ஓடையடிப் பூச்சிகளையும் கரைச் சிலந்திகளையும் எண்ணி, நீர்வெப்பமானியை ஆண்டு முழுதும் ஊன்றிவைத்தால் போதும். கேரள மீன்வளப் பல்கலைக்கழகம் கொச்சி பனங்காட்டில் இருக்கிறது, தமிழ்நாட்டினுடையது நாகப்பட்டினத்தில் இருக்கிறது. ஓடைகள் இரண்டு மாநிலத்துக்கும் பொது. அந்த எண்ணிக்கை முடியும்வரை எந்த மலையோடையிலும் ஒரு டிரவுட் குஞ்சைக்கூட விடுவதில்லை என்று இரண்டு அரசுகளும் எழுத்தில் உத்தரவிடட்டும்.